வயதும் வயிற்றுப் பிள்ளையும்: மருந்து பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. மாத்திரை அதேதான், ஆனால் சாப்பிடுகிறவர் கர்ப்பமாக இருக்கிறார், அல்லது கைக்குழந்தை, அல்லது எண்பது வயதுக்காரர். அப்போது என்ன செய்வது? நான் ஒரு மருத்துவமனை மருந்தாளுநர். டாக்டர் எழுதிய சீட்டு மருந்தாக மாறி நோயாளியின் கைக்குப் போகும் முன், இந்த டோஸ் இந்த உடம்புக்குச் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. அந்த இடத்தில் இருந்துதான் பதில் சொல்கிறேன். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை. காத்திருக்க முடியாத கடிதங்களுக்குத் தனியாக உடனே பதில் போய்விட்டது.

எனக்கு வலிப்பு நோய். சில வருடங்களாக லாமோட்ரிஜின் சாப்பிடுகிறேன், வலிப்பு வருவதே இல்லை. இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறேன். "பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து" என்கிறார் மாமியார். டாக்டரோ டோஸைக் கூட்டியிருக்கிறார். கர்ப்பத்தில் மருந்தைக் குறைக்கத்தானே வேண்டும்? கூட்டுவார்களா?

நிறுத்தாதீர்கள் அம்மா. ஒரு வேளை கூடத் தவறவிடாதீர்கள். உங்கள் டாக்டர் செய்தது சரி.

கர்ப்பம் என்றால் எல்லா மருந்தையும் குறைக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உடம்புக்குள் நடப்பது வேறு. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் ஏறக்குறைய பாதியளவு அதிகரிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கல்லீரலில் சில மருந்துகளைக் கழித்துக்கட்டும் நொதிகள் மும்முரமாக வேலை செய்கின்றன. லாமோட்ரிஜினைக் கழிப்பது அப்படிப்பட்ட ஒரு நொதிதான். அதனால் நீங்கள் சாப்பிடும் அளவு மாறாமல் இருந்தாலும், ரத்தத்தில் நிற்கும் மருந்து பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடலாம். இத்தனை நாள் உங்களைக் காத்த டோஸ் இப்போது போதாது. டாக்டர் கூட்டியது, ரத்தத்தில் பழைய அளவைத் திரும்பக் கொண்டுவரத்தான். கர்ப்பத்துக்கு முன்பு ரத்தத்தில் மருந்தின் அளவை எப்போதாவது பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கு எந்த அளவு தேவை என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

மாமியாரின் பயத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. வலிப்பு மருந்துகளில் உண்மையிலேயே பிள்ளையைப் பாதிக்கும் ஒன்று இருக்கிறது: வால்புரோயேட். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு பிறவிக் குறைபாடு வருகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிச் சிக்கல் வரலாம். லாமோட்ரிஜின் அப்படியல்ல. அதைச் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் பிறவிக் குறைபாட்டு விகிதம், எந்த மருந்தும் சாப்பிடாதவர்களின் விகிதத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டுக்கும் "வலிப்பு மாத்திரை" என்றே பெயர் சொல்லிப் பழகிவிட்டதால் ஒன்றின் கெட்ட பெயர் மற்றதற்கும் ஒட்டிக்கொண்டது.

மருந்தை நிறுத்தியபின் பெரிய வலிப்பு வந்தால் அம்மா கீழே விழுவாள், மூச்சு தடைபடும், பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. இதை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள்.

வாந்தி அதிகமாக இருந்து, மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒரு கட்டம்: பிரசவம். குழந்தை பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். கூட்டிய டோஸை அப்படியே தொடர்ந்தால் தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம் எல்லாம் வரும். கையில் பச்சைக் குழந்தையோடு தள்ளாடக் கூடாது. டோஸை எப்போது, எவ்வளவு இறக்குவது என்று பிரசவத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

இதே கதைதான் தைராய்டு மாத்திரைக்கும். லெவோதைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தில் 25 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும், அதுவும் ஆரம்ப வாரங்களிலேயே. பிள்ளையின் சொந்தத் தைராய்டு வேலையைத் தொடங்கவே மூன்று மாதம் போல ஆகும். அதுவரை தாயிடமிருந்து வருவதுதான். கர்ப்பத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து குடலிலேயே கட்டுப்பட்டு நின்றுவிடும். நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "டோஸ் கூட்டியும் ரிப்போர்ட் சரியாகவில்லையே" என்று வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கர்ப்பம் என்று தெரியாமலே காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் சில மாத்திரைகள் சாப்பிட்டுவிட்டேன். ஐந்து வாரம் என்று இப்போதுதான் தெரிந்தது. "ரிஸ்க் எதற்கு, கலைத்துவிடு" என்கிறார்கள். தூக்கமே வரவில்லை.

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. மாத்திரையின் பெயரைக்கூடப் பார்க்காமல் கலைக்கச் சொல்வது மருத்துவ ஆலோசனையே இல்லை.

சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை சாப்பிட்டீர்கள், கடைசி மாதவிடாய் எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயரும் தேதியும்தான் விடை சொல்லும்.

தேதி ஏன் முக்கியம்? கரு உருவான முதல் இரண்டு வாரத்தில் ஒரு மருந்து பெரிதாகத் தாக்கினால் பெரும்பாலும் கரு தங்காது. தங்கிவிட்டால் பெரும்பாலும் பாதிப்பில்லாமல் வளரும். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இதயம், கை கால், முகம் எல்லாம் உருவாகும் காலம். கவனமாக இருக்க வேண்டியது அப்போதுதான். டாக்டர் சொல்லும் "ஐந்து வாரம்" கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணியது. கருவுக்கு இப்போது சுமார் மூன்று வாரம்தான் ஆகிறது. நீங்கள் சாப்பிட்ட நாட்கள் அதற்கும் முந்தியவையாக இருக்கலாம்.

தாலிடோமைட் விஷயத்தில்தான் உலகம் இதை மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்திருந்தார்கள். பாதிப்பு பெரும்பாலும் கரு உருவாகி 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள் வரையிலான அந்தக் குறுகிய இடைவெளியில் மருந்து சாப்பிட்டவர்களுக்கே. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, பாதுகாப்புக்கான ஆதாரம் போதவில்லை என்று சொல்லி, நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியும் அனுமதி தராமல் நின்றார். எத்தனையோ குழந்தைகள் தப்பியது அவரால்தான்.

உறுதியாகத் தீங்கு செய்யும் மருந்துகள் இருக்கின்றன. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாய்ன், மூட்டு நோய்க்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட், வால்புரோயேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவை அவற்றில் சில. உங்கள் அட்டையில் இவற்றில் ஒன்று இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே டாக்டரைப் பாருங்கள். பாராசிட்டமாலாக இருந்தால், கர்ப்பத்தில் காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர்கள் முதலில் எழுதுவதே அதைத்தான். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை என்றால், இனிமேல் வேண்டாம். 20-ஆவது வாரத்துக்குப் பின் அது பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடைசி மூன்று மாதத்தில், பிள்ளையின் இதயத்தருகே பிறந்தபின் மூட வேண்டிய ரத்தக் குழாயை முன்னதாகவே மூடச் செய்யலாம். எந்த மருந்தையும் தொடாத தாய்மாருக்கும் 100 பிரசவத்தில் சுமார் 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சாப்பிட்ட ஒரு மாத்திரையின் மேல் எல்லாப் பழியையும் போட்டு உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

இணையத்தில் பார்த்தேன். என் மருந்து கர்ப்பத்துக்கு 'சி' பிரிவு என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 'பி' பிரிவு மருந்துக்கு மாறலாமா?

எழுத்தைப் பார்த்து மாறாதீர்கள். ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற பிரிவுகளை அமெரிக்கா 1979-இல் கொண்டுவந்தது. மக்கள் அதைத் தேர்வு மதிப்பெண் மாதிரி படிக்க ஆரம்பித்ததால், 2015-இலிருந்து கைவிட்டு, விளக்கமாக எழுதும் முறைக்கு மாறிவிட்டது. 'பி' என்ற எழுத்துக்குப் பல நேரம் இருந்த பொருள், விலங்குச் சோதனையில் தீங்கு தெரியவில்லை, கர்ப்பிணிகளிடம் சரியான ஆய்வு இல்லை என்பதுதான். பல வருடங்களாகப் பல்லாயிரம் கர்ப்பிணிகள் சாப்பிட்ட 'சி' மருந்தைப் பற்றி, நேற்று வந்த 'பி' மருந்தைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

இப்போதே கேட்டீர்களே, மிக நல்லது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகள் கர்ப்பத்துக்கு ஆகாது. நான்காம் மாதத்திலிருந்து பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். இந்த மருந்துகள் பிள்ளையின் சிறுநீரகத்தை முடக்குவதால் நீர் வற்றுகிறது, நுரையீரல் வளர இடமில்லாமல் போகிறது. லேபிடலால், நிஃபிடிபின், மெத்தில்டோபா போன்ற மாற்றுகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலத்தையும் இப்போதே தொடங்குங்கள். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட அது உதவும். அந்தக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதை உணர்ந்து டாக்டரிடம் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும்.

என் பையனுக்கு எட்டு மாதம், 8 கிலோ. காய்ச்சல் மருந்து வீட்டில் ஒன்று சொட்டு மருந்தாகவும் ஒன்று சிரப்பாகவும் இருக்கிறது. இரண்டும் பாராசிட்டமால்தானே, எதைக் கொடுத்தாலும் அதே அளவுதானா?

இல்லவே இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இரண்டு பாட்டிலையும் எடுத்து, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "1 மி.லி.யில் 100 மி.கி." என்று சொட்டு மருந்தில் இருக்கலாம். சிரப்பில் "5 மி.லி.யில் 120 மி.கி." என்றோ "5 மி.லி.யில் 250 மி.கி." என்றோ இருக்கலாம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. உங்கள் பையனுக்கு 120 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொட்டு மருந்தில் அது 1.2 மி.லி., 250 சிரப்பில் 2.4 மி.லி., 120 சிரப்பில் 5 மி.லி. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். தேவையைப் போல நான்கு மடங்கு. மருந்தோடு வரும் சிரிஞ்சையோ அளவுக் குப்பியையோ மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. இரண்டு வேளைக்கு இடையே 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை வேளை என்பதை டாக்டரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. குழந்தை உடம்பு பெரியவர் உடம்பின் பாதியோ கால்வாசியோ இல்லை. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு நீர். கல்லீரலில் பல நொதிகள் இன்னும் விழிக்கவே இல்லை. 1950-களின் இறுதியில் பச்சிளம் குழந்தைகளுக்குக் குளோராம்பெனிகால் கொடுத்தபோது, அதைக் கழிக்கும் நொதி போதாமல் மருந்து தேங்கி, உடம்பு சாம்பல் நிறமாகி, குழந்தைகள் இறந்தார்கள். அதே குழந்தை ஒன்றிரண்டு வயதைத் தொட்டதும் நிலைமை தலைகீழ். சில மருந்துகளைப் பெரியவர்களைவிட வேகமாகக் கழித்துவிடும், கிலோ கணக்கில் பார்த்தால் கூடுதல் டோஸ் தேவைப்படும். ஆஸ்பிரினை மட்டும் டாக்டர் குறிப்பிட்ட நோய்க்கென்று எழுதினாலொழியப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் கொடுக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலோடு அது சேரும்போது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

தாய்ப்பால் கொடுக்கிறேன். ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார்கள். பாலை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தாயின் டோஸில் பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் பங்கை, இருவரின் எடையையும் கணக்கில் எடுத்துப் பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அமாக்ஸிசிலின் போன்றவற்றில் அது மிகவும் குறைவு. விலக்க வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கோடீன். சில தாய்மாரின் உடம்பு அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது பாலில் போய்ப் பிள்ளையின் மூச்சையே மந்தமாக்கும். பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடமும் மருந்து வாங்கும் இடத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. சளி பிடித்ததால் நான்தான் ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நான் சாப்பிடும் அதே மாத்திரை. இரண்டாம் நாள் இரவு எழுந்து, யார் வீடு இது என்று கேட்டார். கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். சிறுநீரும் சரியாகப் போகவில்லை. மறதி நோய் வந்துவிட்டதா?

மாத்திரையை நிறுத்தியதும் தெளிந்துவிட்டார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது.

அட்டையின் பின்புறம் நீங்கள் அனுப்பிய படத்தில் தெளிவாக இருக்கிறது: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். நடுவில் இருக்கிறதே, அதுதான் முக்கியக் காரணம். குளோர்பெனிரமின் மூக்கு ஒழுகுவதை நிறுத்தும். கூடவே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளையும் தடுக்கும். மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் அது வேண்டும், சிறுநீர்ப்பை சுருங்கவும் வேண்டும், குடல் நகரவும் வேண்டும். உங்கள் வயதில் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். 78 வயதில் அந்தக் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். அதையும் தடுத்தால் மனம் குழம்பும், சிறுநீர் அடைக்கும், மலம் கட்டும், கால் தடுமாறும். ஃபினைலெஃப்ரின் வேறு சேர்ந்ததால் சிறுநீர்ப்பையின் வாய் இறுகியிருக்கும். புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் முழு அடைப்பே வந்துவிடும்.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இல் பட்டியலிட்டார். இன்றைக்கும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். இந்த வகைப் பழைய அலர்ஜி மாத்திரைகள் அதில் உண்டு. தூக்க மாத்திரைகளும் உண்டு. டயசிபாம் 20 வயதுக்காரரின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் என்றால், 80 வயதில் ஏறக்குறைய 90 மணி நேரம். நேற்றைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே இன்றைய மாத்திரை உள்ளே போகிறது.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய் விழுந்த அடியையும் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், எண்ணெய், லேகியம், கண் சொட்டு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், கால் வீங்கியதால் நீர் மாத்திரை சேர்த்தார்கள், அடிக்கடி சிறுநீர் வந்ததால் அதற்கொரு மாத்திரை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கால் வீக்கம் அம்லோடிபினாலேயே வரக்கூடியது. அந்த மூன்றாவது மாத்திரையும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. "முதல் மருந்தை மாற்றினால் மற்ற இரண்டும் தேவையா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மாவுக்கு 80 வயது, 45 கிலோ. கிரியேட்டினின் 1.0, நார்மல் என்று லேபில் போட்டிருக்கிறது. ஆனாலும் சிறுநீரகத்தைக் காரணம் காட்டி, நரம்பு வலிக்குத் தந்த பிரிகாபலினைப் பாதியாக்கிவிட்டார் டாக்டர். ஏன்?

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வயதாக ஆகத் தசை மெலிகிறது. உற்பத்தியே குறைவதால், சிறுநீரகம் மந்தமாக இருந்தும் ரத்தத்தில் அளவு ஏறாமல் நார்மலாகத் தெரியும். அதனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை அறிய வயதையும் எடையையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 32 மி.லி. வருகிறது. அதே 1.0 இருக்கும் 30 வயது, 70 கிலோ ஆணுக்கு 107 வரும். பிரிகாபலின் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. 60-க்குக் கீழ் வந்தாலே டோஸைப் பாதியாக்க வேண்டும். பழைய அளவே தொடர்ந்திருந்தால் மயக்கமும் தள்ளாட்டமும் வந்திருக்கும். பாதி டோஸிலும் அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். குறையவில்லை என்றால் டோஸை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரிடம் போங்கள். நடுவில் வலி தாங்காமல் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், இந்த மூன்றும் சேரும்போது இருக்கிற 32-உம் சில நாளில் சரிந்துவிடலாம்.